எழுத்தைக் கொடுத்தால் சொல் தரும் வியாபாரம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கையில் உள்ள ஏழு எழுத்துகளைக் கொடுத்து ஆங்கிலச் சொற்கள் தேட ஓர் ஆப் இறக்கினேன். நூற்றுக்கணக்கில் கிடைத்ததாகச் சொல்லி, முதல் பத்தைக் காட்டிவிட்டு மற்றதை மங்கலாக்கிவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டினால் எல்லாம் தெரியுமாம். கட்டலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் விற்கப் பார்ப்பது ஊருக்கே பொதுவான சரக்கு. 'எனேபிள்' என்று ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. சுமார் 1,73,000 சொற்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விடப்பட்டது. இப்படிப்பட்ட பட்டியலை வைத்துக்கொண்டு தேடுவதும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டால் போதும். 'லிசன்', 'சைலன்ட்' இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதி அடுக்கிப் பாருங்கள்: ஈ, ஐ, எல், என், எஸ், டி. ஒரே அடுக்கு வந்தால் ஒரே எழுத்துகள். கணினிக்கு இது கண் சிமிட்டும் நேர வேலை. ஒன்லுக் தளத்தில் இலவசமாகவே தேடலாம்: தெரியாத ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி.

கேள்வி: மூன்று நாள் இலவசம் என்றார்கள். பிடிக்காமல் அன்றே ஆப்பை அழித்துவிட்டேன். ஐந்து மாதமாகப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. தப்பு என்னுடையதா?

பதில்: இல்லை. அழித்தால் சந்தாவும் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், அந்த நினைப்பை நம்பித்தான் இந்தக் கடையே நடக்கிறது. ஆப்பை அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் ரத்து செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தைத் தொட்டால் பணம், சந்தா பகுதி வரும், அங்கே. அதற்கு முன் இதுவரை போன தொகைகளைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். பிறகு ஆப் ஸ்டோரிடமோ ப்ளே ஸ்டோரிடமோ பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஐந்து மாதமும் திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காதவருக்கு ஒன்றும் வராது. தளத்தில் நேராக கார்டு எண் கொடுத்திருந்தால், முதலில் அவர்களுக்கு எழுத்தில் ரத்துக் கடிதம். மீண்டும் எடுத்தால் வங்கியில் புகார்.

கேள்வி: இதே மாதிரி மூன்று ஆப் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். மூன்றிலும் ஒரே சொற்கள்தான் வருகின்றன. நான்காவதாக எதை வாங்கலாம்?

பதில்: பூட்டு. பர்ஸுக்கு.

கேள்வி: எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்துக்காக 'ஐந்து லட்சம் சொற்கள்' என்று விளம்பரம் செய்த ஆப் வாங்கினேன். அது சரி என்று காட்டிய இசட்-ஓ என்ற ஈரெழுத்துச் சொல்லை எதிராளி ஏற்கவில்லை. யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: உட்காருங்கள், இது என் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

ஸ்கிராபிளுக்கு ஒரே அகராதி கிடையாது. வட அமெரிக்காவில் ஆடுவோர்க்கு ஒரு பட்டியல், இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சொற்கள். மற்ற நாடுகளின் ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பாலும் காலின்ஸ் அகராதியின் பட்டியல், சுமார் 2.8 லட்சம். உங்கள் இசட்-ஓ காலின்ஸில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இல்லை. க்யூ-ஐ இரண்டிலும் உண்டு. ஆகவே நீங்களும் பொய் சொல்லவில்லை, எதிராளியும் சொல்லவில்லை. எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் விற்றானே, அவனைப் பிடியுங்கள்.

பெரிய பட்டியலே 2.8 லட்சம் என்றால் ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது? ஊர்ப் பெயர், ஆள் பெயர், சுருக்கச் சொல், எழுத்துப்பிழை எல்லாம் சேர்த்துக் கொட்டினால் வரும். சொல் கூடக் கூட ஆட்டக்காரருக்கு நஷ்டம்தான். செல்லாத சொல்லை வைத்துத் தோற்பார். மேக் கணினியோடு வரும் சொற்பட்டியலைப் பாருங்கள்: 1934-இல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, இரண்டு லட்சத்துக்கு மேல். சாதாரணப் பன்மைச் சொற்கள் பலவற்றைத் தேடினால் அதில் கிடைக்காது. எண்ணிக்கை பெரிதாக இருந்து என்ன பயன்?

இன்னொன்று. 'இந்த எழுத்துகள் உள்ள சொல்' என்பதற்குள்ளேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏ, ஆர், டி என்று கொடுத்தால், அவை அதே வரிசையில் ஒட்டி வரவேண்டுமா? அப்படியானால் 'பார்ட்டி'. எங்காவது இருந்தால் போதுமா? 'ட்ரெயின்' வரலாம். இவை மட்டுமே வேண்டுமா? 'டார்' போன்ற சிறிய சொற்கள்தான். ஸ்கிராபிளுக்கு மூன்றாவது, குறுக்கெழுத்துக்கு வேறு. நல்ல கருவி இதை முதலிலேயே கேட்கும். மட்டமானது ஒரே பெட்டியைக் காட்டி எதையோ அள்ளிக் கொட்டும். வாங்குமுன் ஒரு சோதனை: 'பி' எழுத்தை இருமுறை போட்டு, இரண்டும் உள்ள சொல் கேளுங்கள். 'மேப்' வந்தால் அதற்கு எண்ணத் தெரியவில்லை. மூடிவிடுங்கள்.

கையடக்கச் சொல்தேடும் மின்கருவி ஒன்றை நானும் வாங்கினேன். கால்குலேட்டர் அளவு, ரப்பர் பொத்தான்கள். உள்ளே இருந்த பட்டியலைப் புதுப்பிக்க வழியே வைக்கவில்லை. அது கிடக்கிறது மேசை இழுப்பறையில், பழைய பேட்டரியைக் கக்கிக்கொண்டு.

கேள்வி: குழந்தைக்கு எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆறு எழுத்தும் கற்றுக்கொடுத்தாயிற்று. இவற்றால் மட்டும் ஆன சொற்கள் என்று ஒரு பிடிஎஃப் விலைக்கு வாங்கினேன். பாதிச் சொல் எனக்கே தெரியவில்லை. சிலவற்றில் 'ஈ' எழுத்தும் இருக்கிறது.

பதில்: பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை. ஏழாவது எழுத்து வந்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் வேறு சாட்சி தேவையில்லை. அந்த ஆறு எழுத்தில் தொடங்குவது ஒலிவழி வாசிப்பில் நன்கு பழகிய முறை, உங்கள் தேர்வில் குறை இல்லை. தயாரித்தவர் ஸ்கிராபிள் பட்டியலை அப்படியே வடிகட்டி, படித்துப் பார்க்காமல் விற்றிருக்கிறார். குழந்தைக்கு சாட், பின், டேப் (குழாய்), நிப், ஸ்பின், ஸ்னாப் போதும். நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மாலைக்குள் நாற்பது வரும்.

கேள்வி: 'வேர்டில்' என்ற சொல் கண்டுபிடிக்கும் ஆட்டத்துக்கு உதவும் ஆப்புக்கு மாதச் சந்தா நியாயமா?

பதில்: ஒரு நாளைக்கு ஒரு சொல், ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. இதற்கு மாதச் சந்தா!

கேள்வி: பழைய புத்தகக் கடையில் குறுக்கெழுத்து அகராதி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. நீளவாரியாகச் சொற்கள் அடுக்கியது. வாங்கலாமா?

பதில்: உள்ளே ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒரே நீளத்துச் சொற்களை முதல் எழுத்து வரிசையில் மட்டும் அடுக்கியிருந்தால், நடு எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்தவருக்கு அது உதவாது; முழுப் பக்கத்தையும் விரலால் தடவ வேண்டும். கடைசி எழுத்து வரிசையும் தனியாக இருந்தால் வாங்குங்கள். பக்கம் கிழிந்திருக்கிறதா என்று 'எஸ்' பகுதியில் பாருங்கள், ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் அதிகச் சொற்கள் தொடங்கும்.