'டர்ன் ஆஃப் இட்' ஏன் தவறு?

'டர்ன் ஆஃப் த லைட்' சரியென்றால் 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் ஏன் தவறு என்று கேட்டிருந்தீர்கள். இங்கே 'ஆஃப்' பிரெப்பொசிஷன் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் உறவுச்சொல்) இல்லை, வினையோடு ஒட்டிய துணைச்சொல். 'த லைட்' அதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ஆனால் இட், தெம் போன்ற புரோநவுன்கள் நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்', 'பிக் தெம் அப்'.

'லுக் அட் இட்' வேறு வகை. அதில் 'அட்' உண்மையான பிரெப்பொசிஷன், இடம் மாறாது. சொல்லிப் பாருங்கள்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல், 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல்.

அப்புறம், 'அப்' என்றாலே 'மேலே' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஈட் இட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. நம் 'விடு' செய்கிற அதே வேலை. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.