ஃபானக் 0-டி கன்ட்ரோல் உள்ள பழைய சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) வாங்குகிறேன். பேட்டரி போனால் பாராமீட்டர் எல்லாம் அழிந்துவிடுமா? மெஷினோடு தரும் பேப்பர் போதாதா?

அழியும். பாராமீட்டர் என்பது மெஷின் எப்படி ஓட வேண்டும் என்று கன்ட்ரோலுக்குள் இருக்கும் எண்கள், கரண்ட் இல்லாதபோது அவற்றைப் பிடித்து வைப்பது பேட்டரி. அந்த எண்களை எழுதி மெஷின் கம்பெனி கொடுக்கும் பேப்பர் போதாது. ஃபானக் 0-டி கன்ட்ரோல் என்று கேள்வியில் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அதே கன்ட்ரோலில் அதே பேப்பரை நம்பிக் கெட்டவன் நான். நீங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொடுக்காதவருக்குப் பேட்டரி வரை யோசனை போகாது.

2012, கோவை. கரண்ட் இருக்கும் நேரத்தை விட இல்லாத நேரம் அதிகமோ என்று தோன்றிய வருஷம். நான் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் செட்டர், மெஷினை வேலைக்குத் தயார் செய்கிறவன். திரையில் பேட்டரி எச்சரிக்கை ஒரு வாரமாக மினுக்கிக்கொண்டிருந்தது. பெரிய டார்ச் செல் மூன்று, சேர்ந்து 4.5 வோல்ட், அவ்வளவுதான் விஷயம். மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். ஆன் செய்து வைத்துத்தான் கழற்றினேன். ஆஃப் செய்துவிட்டு மாற்றியிருப்பாய் என்று இன்றுவரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக இரண்டாம் தடவையும் சொல்கிறேன்: ஆனில்தான் இருந்தது. பழைய செல் ஒழுகி ஸ்பிரிங்கில் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது. கட் நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்பி வந்தபோது திரை முழுக்க அலாரம்.

பேனல் கதவுக்குள் பாலிதீன் கவரில் மெஷின் கம்பெனி கொடுத்த பாராமீட்டர் பேப்பர் இருந்தது. ஹெல்பர் பையன் படிக்கப் படிக்க நான் அடித்தேன். 900-ல் தொடங்கும் பாராமீட்டர் வரிசைதான் முதலில். வாங்கும்போது காசு கொடுத்து எடுத்த ஆப்ஷன்கள் எல்லாம் அதில்தான், வெறும் 0, 1 வரிசையாக இருக்கும். பாராமீட்டரை மாற்ற அனுமதிக்கும் பிடபிள்யூஇ என்ற அமைப்பை 1 ஆக்கியதும் 100 அலாரம் வரும். எழுதும் பூட்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். 000 வந்தால் ஒரு தடவை ஆஃப் செய்து போடச் சொல்கிறது. லேடர், அதாவது மெஷினின் லாஜிக் புரோகிராம், பேட்டரி தேவைப்படாத ஈப்ராம் சிப்பில் இருப்பதால் அது பிழைத்துக்கொண்டது. இடையில் எக்ஸ் அச்சின் மோட்டார் மாற்றியிருந்ததால் ஹோம் இடம் (மெஷின் அளவைத் தொடங்கும் புள்ளி) தள்ளி நின்றது, அதை நகர்த்தும் கிரிட் ஷிஃப்ட் பாராமீட்டரைச் சரி செய்தேன். விடியும்போது மெஷின் ஓடியது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மதியம் போன். 6 மில்லி அகல க்ரூவ் (பள்ளம்), அதற்கு மேல் 0.02 மில்லி மட்டும்தான் விடுவார்கள். அகலம் பார்க்கும் கேஜ் உள்ளே போகவில்லை. ஆபரேட்டர் இசட் ஆஃப்செட்டில், அதாவது நீளவாக்கில் டூலை நகர்த்தும் திருத்தத்தில், தட்டியிருக்கிறார். ஒரே டூல் இரண்டு சுவரையும் வெட்டும்போது ஆஃப்செட் கொடுத்தால் க்ரூவ் மொத்தமாக நகருமே தவிர அகலம் ஏறாது. அது புரிவதற்குள் 40 பீஸ், அகலமும் இல்லை, இடமும் தப்பு.

காரணம் 536-ஆம் பாராமீட்டர், இசட் பேக்லாஷ்: திசை திரும்பும்போது ஸ்க்ரூவில் விழும் தளர்வை ஈடுகட்டும் எண். பேப்பரில் 4 என்று இருந்தது, 4 மைக்ரான். மெஷின் புதுசாக வந்த அன்று அது உண்மை. டூலை நகர்த்தும் பால் ஸ்க்ரூ தேய்ந்ததால் டயல் கேஜ் வைத்துப் பார்த்து 27 ஆக்கியது 2010-ல் நானேதான். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரு சுவரை முடித்துத் திசை திரும்பும்போது விட்டுப்போன 0.023 அப்படியே அகலத்தில் குறைந்திருக்கிறது. பேப்பர் மெஷினின் ஜாதகம் மாதிரி, பிறந்தபோது எழுதியது. அதற்கப்புறம் ஒவ்வொரு செட்டரும் மாற்றியது மெஷினுக்குள் மட்டும்தான் இருக்கும்.

40 பீஸுக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நியாயம்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்ததை யாரும் கேட்கவில்லை. அந்த மாசம்தான் செலவு குறைக்கிறோம் என்று செகண்ட் ஷிஃப்ட் டீயையும் நிறுத்தினார்கள். அதே மாசம் ஆபீசுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

புது கன்ட்ரோலில் மெமரி கார்டு போட்டால் ஐந்து நிமிஷ வேலை என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: சரி, இவர் வாங்குவது அது இல்லையே.

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவர் இடத்திலேயே மெஷினை ஆன் செய்யச் சொல்லி, பாராமீட்டர் பக்கம் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். டயக்னாஸ் பக்கத்தில் இருக்கும் டைமர், கீப் ரிலே (மெஷின் நினைவில் வைக்கும் ஆன்/ஆஃப் அமைப்புகள்) மதிப்புகளையும் விடாதீர்கள், அதுவும் பேட்டரியில்தான் நிற்கிறது. கன்ட்ரோலை லேப்டாப்போடு இணைக்கும் ஆர்எஸ்232 கேபிள் இருந்தால் லேப்டாப்பிலும் இறக்குங்கள். பாராமீட்டர் 552-ல் 10 இருந்தால் டேட்டா போகும் வேகம் 4800, 11 இருந்தால் 9600. 900 வரிசையை மட்டும் கையாலும் எழுதிக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றும் அன்று காலை புது அல்கலைன் செல் மூன்று போட்டுவிடுங்கள், மெஷின் ஆனில் இருக்கும்போதே. ஸ்பிரிங்கை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.