பிள்ளையைப் பார்ப்பவளை யார் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றியவை. ஒட்டுசுட்டானில் இருந்து வந்த கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது, அதைக் குறைக்க மனம் வரவில்லை. மற்றச் சில கேள்விகளுக்குச் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு முதல் பிள்ளை. பிறந்து நாற்பது நாள். பின்னேரம் ஆறு மணிக்கு அழத் தொடங்கினால் பத்து மணி வரை ஓயமாட்டாள். பால் கொடுத்தாலும் அழுகை, ஏணையில் போட்டாலும் அழுகை. என்னுடைய அம்மா 2009இல் போய்விட்டா. மாமி மன்னாரில். அவர் வயலுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். நேற்று நானும் பிள்ளையோடு சேர்ந்து அழுதேன். எனக்குப் பிள்ளையில் பாசம் இல்லையோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, பாசம் இல்லாதவள் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டாள். முதலில் பிள்ளையின் அழுகையைப் பார்ப்போம், பிறகு உங்களிடம் வருகிறேன்.

பிறந்து இரண்டு கிழமையில் இருந்து பிள்ளைகளின் அழுகை கூடிக்கொண்டே போகும், ஆறாவது கிழமை அளவில்தான் உச்சம், அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்து மூன்று நாலு மாதத்தில் அடங்கிவிடும். பின்னேரமும் முன்னிரவும்தான் கூடுதலாக அழுவார்கள். உங்கள் மகள் இப்போது சரியாக அந்த உச்சத்தில் இருக்கிறாள், அதாவது இதைவிட மோசமாகாது, இனிக் குறையத்தான் போகிறது. நன்றாகப் பால் குடிக்கிறாளா, ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போகிறாளா, கிளினிக்கில் நிறை ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அழுகைக்கு நோய் காரணமாக இருப்பது அரிது. இன்னொன்று, வன்னி வெயிலில் பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, அதற்கு மேல் ஒரு போர்வை என்று சுற்றி வைக்கிறோம், அந்தப் புழுக்கத்திலேயே பாதி அழுகை வரும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். பின்னேரத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து பாருங்கள், காற்றுப் பட்டாலே சில பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

எதற்கும் அடங்காமல் அழுது உங்களுக்குத் தலை வெடிக்கிற மாதிரி இருந்தால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து நுளம்பு வலையைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியில் வந்து நில்லுங்கள், முகத்தைக் கழுவுங்கள். ஐந்து நிமிடம் அழுததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் பிள்ளையைப் பிடித்து உலுக்குவதுதான் ஆபத்து, அந்த வயதில் அது மூளையைக் காயப்படுத்திவிடும்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். 2009 போரின்போது பங்கருக்குள்ளும் பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலும் இருந்த பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் இன்றைக்கு வன்னியில் கைக்குழந்தைகளோடு இருக்கிற தாய்மார். அதில் எத்தனையோ பேருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் இருக்க அம்மா இல்லை, அம்மம்மா இல்லை. பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படித் தூக்குவது, பால் கட்டினால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லித்தந்து, சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்து, இரவில் 'நீ படு மோனை, நான் பார்க்கிறேன்' என்று பிள்ளையை வாங்கிக்கொள்கிற ஆள் இல்லாமல் போனது சின்ன இழப்பு இல்லை. பிள்ளை பிறக்கிற நேரத்தில் போனவர்களின் நினைவு திரும்ப எழும்பி வரும். அழுகைச் சத்தத்துக்கே உடம்பு பதறுகிறது என்று சொல்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். நீங்கள் அழுதது பாசம் இல்லாததால் இல்லை, மூன்று நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலையைத் தனியே செய்கிறீர்கள், நித்திரையும் இல்லை.

ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 'அக்கா, ஒரு மணித்தியாலம் பிள்ளையை வைத்திருங்கோ, நான் படுத்தெழும்புறன்' என்று அப்படியே கேளுங்கள். கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்களில் குறைவு. உங்கள் மிட்வைப் மிஸ்ஸின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள், வீட்டுக்கு வருகிறபோது பிள்ளையின் நிறையோடு உங்கள் அழுகையையும் சொல்லுங்கள், அதுவும் அவவின் வேலைதான். அழுகையும் பயமும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமல் போனால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைத்துக் கதைக்கலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு ஒரு நோய், அது மாறும், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.

உங்கள் வீட்டுக்காரருக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பி, வயலால் வந்து நன்றாக உடம்பு கழுவி, மருந்தடித்த உடுப்பை மாற்றிவிட்டு, இரவு எட்டில் இருந்து பத்து வரை பிள்ளை உங்களிடம்தான் என்று வையுங்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாம் தகப்பனுக்கும் முடியும்.

பிள்ளை பார்க்கப் போகிற உறவுக்காரருக்கும் ஒரு சொல். பிள்ளை யாருடைய சாயல் என்று பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறோம், தாய் சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை. இனிமேல் பேபி சோப் பெட்டியோடு ஒரு நேரச் சோறு கறியும் கொண்டு போங்கள். ஒரு வாளி உடுப்பைத் தோய்த்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம். நாவில் ஒரு துளி தேன் வைக்கவும் மகள் விடுகிறாள் இல்லை. வெயிலுக்குத் தண்ணீரும் கொடுக்கக்கூடாதாம். நாங்கள் இதெல்லாம் கொடுத்துத்தானே வளர்த்தோம்?
– ஒரு அம்மம்மா, முள்ளியவளை

பதில்: அம்மா, இந்த இரண்டிலும் மகள் சொல்வதுதான் சரி. எங்கள் காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் அதில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதாகாத பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் சோர்ந்து மூச்சுவிடவே கஷ்டப்படுகிற நிலை வரும். அரிதாகத்தான் நடக்கும், என்றாலும் நடந்தால் தாங்கமுடியாது. முதல் பிறந்தநாள் கழிந்த பிறகு தேன் தாராளமாகக் கொடுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, தாய்ப்பாலில் 88 வீதம் வரை தண்ணீர்தான். பங்குனி, சித்திரை வெயிலிலும் அதுவே போதும், இன்னும் இரண்டு தரம் கூடப் பால் கொடுத்தால் சரி. தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும், கிணற்றுத் தண்ணீரால் வயிற்றோட்டமும் வரலாம். ஆறு மாதம் முடியட்டும்.

மற்றபடி எல்லாம் நீங்கள்தான் செய்யவேண்டும். குளிப்பாட்டுங்கள், ஏணையில் போட்டு ஆட்டுங்கள், தாலாட்டுப் பாடுங்கள், கதை சொல்லுங்கள். ஒட்டுசுட்டான் தாயின் கடிதத்தை வாசித்துப் பாருங்கள், உங்கள் மகளிடம் நீங்கள் இருக்கிறீர்கள், அது எவ்வளவு பெரிய பாக்கியம். தேனுக்காக அவளோடு மனத்தாங்கல் வேண்டாம்.

கேள்வி: கட்டாரில் இருந்து லீவில் வந்திருக்கிறேன். பத்து மாத மகன் என்னைக் கண்டாலே கத்துகிறான். மனம் விட்டுப்போய்விட்டது.
– ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு

பதில்: எட்டு, ஒன்பது மாதத்தில் பிள்ளைகளுக்குத் தன் ஆள், வேற்றாள் என்ற பிரிப்பு வருகிறது, அது மூளை வளர்வதன் அடையாளம். தூக்க ஓடாதீர்கள். தாயின் பக்கத்தில் நிலத்தில் இருந்து ஒரு சிரட்டையை உருட்டி விளையாடுங்கள், அவனாக ஊர்ந்து வரட்டும். சில நாளில் வருவான். திரும்பிப் போன பிறகு தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் முகம் காட்டிக் கதையுங்கள், அவனுக்கு உங்கள் குரல் பழகும்.

கேள்வி: மகளுக்கு ஒன்றரை வயது. தொலைபேசியில் கார்ட்டூன் போட்டால்தான் வாய் திறக்கிறாள். ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டவள் இப்போது இரண்டு வாயோடு எழும்பிவிடுகிறாள். மெலிந்துவிட்டாள் என்று எல்லோரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.
– ஒரு தாய், மல்லாவி

பதில்: பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஐந்து மாதத்தில் அதன் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு, அதாவது 9 கிலோ ஆகிறது. அடுத்த முழு வருசத்துக்கும் ஏறுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைய, பசியும் குறையும். கிளினிக் கொப்பியில் இருக்கிற நிறைக் கோடு மேல்நோக்கிப் போகிறதா என்று பாருங்கள், போகிறது என்றால் ஊர் வாயை விட்டுவிடுங்கள். கோடு படுத்துவிட்டது, அல்லது கீழே இறங்குகிறது என்றால் அடுத்த கிளினிக்கிலேயே காட்டவேண்டும். நிறை குறைந்த பிள்ளைக்கென்று கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கிடைத்தால் அது பிள்ளைக்கே போகட்டும், வீடு முழுக்கப் பங்கு போடவேண்டாம்.

பால்மாப் போத்தல் ஒரு நாளைக்கு எத்தனை போகிறது, இடையில் பிஸ்கட், ரொபி கொடுக்கிறார்களா என்று பாருங்கள். வயிறு பாலால் நிறைந்திருந்தால் சோறு எப்படி இறங்கும்? தேத்தண்ணி வேண்டவே வேண்டாம், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாது. கொஞ்சச் சாப்பாட்டிலேயே சத்து இருக்கட்டும்: குழைத்த சோற்றில் பருப்பு, ஒரு கரண்டி தேங்காய்ப்பால் அல்லது நல்லெண்ணெய், முள்ளெடுத்த குளத்து மீன், முட்டை, நன்றாக மசித்த முருங்கையிலை. பயறு அவித்து மசித்துக் கொடுங்கள்.

தொலைபேசியை நிற்பாட்டத்தான் வேண்டும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் சொல்கிறது. திரையைப் பார்த்து விழுங்குகிற பிள்ளைக்குத் தன் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நிற்பாட்டினால் மூன்று நாலு நாள் கத்துவாள், சாப்பாடும் குறையும், பயப்படாதீர்கள். எல்லோரும் சாப்பிடுகிறபோது அவளுக்கும் ஒரு கோப்பை வைத்து, சோறு நிலத்தில் சிந்தினாலும் கையால் அளையவிடுங்கள். இருபது நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். துரத்தித் துரத்தித் தீத்த வேண்டாம்.

கேள்வி: கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. லீவு முடிகிறது, பிள்ளைக்கு மூன்று மாதம்தான். தாய்ப்பாலை நிற்பாட்டி மாப்பாலுக்கு மாற்றச் சொல்கிறார்கள். வேலையை விட்டால் கடன் கட்ட முடியாது.
– ஒரு தாய், பரந்தன்

பதில்: நிற்பாட்ட வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, ஒன்பது மணித்தியால வேலையில் இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்பது இலங்கைச் சட்டம். வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இதை மேற்பார்வையாளரிடம் கேட்கிறபோது பிச்சை கேட்கிற மாதிரிக் கேட்கவேண்டாம், உங்கள் உரிமை அது. மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

விடிய எழும்பி ஒரு தடவை கொடுங்கள், போகிறபோது கையால் பிழிந்து மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் முதல் வேலையாக மடியில் எடுங்கள், இரவிலும் கொடுங்கள். பிழிந்த பாலை எங்கள் வெக்கையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அடுத்த நாள் வரை இருக்கும். போத்தல் வேண்டாம், சின்னக் கோப்பையாலோ கரண்டியாலோ பருக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போவதற்கு இரண்டு கிழமை முன்பே பிழிந்து பழகுங்கள், முதலில் கொஞ்சமாகத்தான் வரும்.

கேள்வி: இரண்டு வயது மகன் கடையில் கேட்டது கிடைக்காவிட்டால் விழுந்து உருளுகிறான். அடிக்கலாமா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அடிக்கவேண்டாம், வாங்கியும் கொடுக்கவேண்டாம். தூக்கிக்கொண்டு வெளியில் வாருங்கள், அவன் அடங்கும் வரை பக்கத்தில் இருங்கள். ஆசையைச் சொல்ல அவனிடம் இன்னும் சொற்கள் காணாது. பசியோடும் நித்திரைத் தூக்கத்தோடும் கடைக்குக் கூட்டிப்போகாவிட்டாலே பாதி குறையும்.

கேள்வி: எப்போதும் கஷ்டத்தைத்தான் எழுதுகிறீர்கள். சந்தோசம் ஒன்றும் இல்லையா?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: இல்லாமலா! முதல் பல் தெரிந்ததும் தலையில் வெள்ளைத் துணி பிடித்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிறபோது, பிள்ளை ஒன்றும் விளங்காமல் திருதிருவென்று பார்த்துக்கொண்டே மடியில் விழுந்த ஒன்றை எடுத்து வாயில் வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மாடு, ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் 'மா' என்ற ஒரே பெயர். தன் கோப்பைச் சோற்றைக் கோழிக்குத் தீத்தப் போவது. வற்றாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் அப்பாவின் தோளில் இருந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் கை காட்டுவது. இதையெல்லாம் ஆறுதலாக இருந்து பார்க்க ஒரு தாய்க்கு நித்திரையும் சாப்பாடும் கிடைக்கவேண்டும் என்பதற்குத்தான் மற்றதை எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் இருவரும் தோட்டம். இரண்டு வயதுப் பிள்ளை வளவுக்குள் ஓடித்திரிகிறான். எதற்கெல்லாம் கவனமாக இருக்கவேண்டும்?
– ஒரு தகப்பன், நெடுங்கேணி

பதில்: தம்பி, முதலில் கிணறு. மீள்குடியேறிய காணிகளில் கட்டு இல்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படி என்றால் இந்தக் கிழமையே பனைமட்டையாலோ முள்ளுக்கம்பியாலோ சுற்றி அடைத்துப் படலை போடுங்கள், காசு வந்ததும் கட்டலாம். பக்கத்துக் காணிக் கிணற்றையும் பாருங்கள், பிள்ளைக்கு எல்லை தெரியாது. வாளியில் தண்ணீரை நிறைத்து வைக்காதீர்கள், இந்த வயதில் தலைகீழாக விழுந்தால் எழும்பத் தெரியாது.

அடுத்தது போத்தல்கள். மண்ணெண்ணெயையும் பயிருக்கு அடிக்கிற மருந்தையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பிள்ளைக்கு அது சோடாதான். பூட்டுப் போட்ட பெட்டியில், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவேண்டாம், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால்தான் கூடிய ஆபத்து. உப்புத் தண்ணீர், தேங்காய்ப்பால் என்று ஒன்றும் பருக்காமல், அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.