ப்ரொஃபைலில் எல்லாம் பூச்சியம்: எடை மேடை நிரல் எங்கே காத்துக் கிடக்கிறது?

கேள்வி: திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் எடை மேடைக்கு, உபுண்டு கணினியில் ஓடும் சி நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். எடைக் கணக்கு முழுவதும், நிரல் ஓடும்போது வந்து இணையும் தனி ஷேர்டு லைப்ரரியில் உள்ளது. மேடையின் எடையைக் காட்டும் இன்டிகேட்டர் 9600 பாட் வேகத்தில், 20 எழுத்துகள் கொண்ட வரிகளாக எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் 200 வரிகளைப் படித்துச் சராசரி எடுக்கிறேன். ரசீது வர நான்கைந்து விநாடிகள் ஆகின்றன. டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலை வரை நிற்கின்றன. லைப்ரரியின் அழைப்புகளையும் நேரத்தையும் அளக்கும் எல்டி-ப்ரொஃபைல் (LD_PROFILE) வைத்து அளந்தால், என் பயனர் கணக்கில் கோப்பே உருவாகவில்லை. முழு அதிகாரமுள்ள ரூட்டாக ஓட்டினால் கோப்பு வருகிறது. ஆனால் நேரமெல்லாம் பூச்சியம், சராசரி ஃபங்ஷனுக்கு அழைப்பு எண்ணிக்கையும் இல்லை. கருவியில் பிழையா?

பதில்: கருவியில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றில் நேரம் பூச்சியமாவதற்கான காரணம்தான் உங்கள் உண்மையான சிக்கல்.

உங்கள் கணக்கில் வராத கோப்பு ரூட் கணக்கில் வருகிறது என்பதே முதல் துப்பு. சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை என்று, நிரலுக்கு ரூட் பெயரில் செட்யுஐடி (யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடவைக்கும் குறி) போட்டிருப்பீர்கள், பலரும் செய்வதுதான். அப்படிப்பட்ட நிரலைச் சாதாரணப் பயனர் ஓட்டும்போது, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் (glibc) டைனமிக் லிங்கர், அதாவது நிரலோடு லைப்ரரிகளை இணைக்கும் பகுதி, பாதுகாப்புக் கருதி எல்டி-ப்ரொஃபைலைப் பொருட்படுத்தாது. ரூட்டே ஓட்டினால் அந்தத் தடை இல்லை. ஒருவேளை செட்யுஐடி இல்லையென்றால், உங்கள் கணக்கில் ஓட்டும்போது கொடுத்த லைப்ரரிப் பெயரைச் சரிபாருங்கள்: ரீட்எல்ஃப் (readelf) கட்டளை காட்டும் எஸ்ஓநேமில், அதாவது லைப்ரரிக்குள் பதிந்த பெயரில், பின்னொட்டாக 1 இருந்து, நீங்கள் அதை விட்டுவிட்டிருந்தால், லிங்கர் அதை வேறு லைப்ரரியாகவே எண்ணும்.

அழைப்பு எண்ணிக்கை விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக, உங்கள் நிரல் ஒரு லைப்ரரி ஃபங்ஷனை முதல்முறை அழைக்கும்போது, அந்த அழைப்பு பிஎல்டி என்னும் இடைப்பட்ட அட்டவணை வழியாக லிங்கரிடம் போகிறது. லிங்கர் உண்மையான முகவரியைத் தேடிக் குறித்துவைக்க, அடுத்த அழைப்பு நேராகப் போய்விடும். ப்ரொஃபைல் எடுக்கும்போது மட்டும் லிங்கர் வழிவிடாமல் ஒவ்வொரு அழைப்பையும் நிறுத்தி எண்ணுகிறது. உங்கள் யார்டின் கேட்டில் இருக்கும் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கேட்டைத் தாண்டி வரும் டிரெய்லர் ஒவ்வொன்றும் அதில் ஏறும், உள்ளேயே பெட்டிகளை இடம் மாற்றும் வண்டி ஏறாது. லைப்ரரிக்குள்ளேயே ஸ்டேடிக் என்று, அதாவது வெளியே தெரியாதபடி, அறிவிக்கப்பட்ட ஃபங்ஷன் அந்த உள்வண்டிதான்; உங்கள் சராசரி ஃபங்ஷனும் அப்படி இருக்கக்கூடும். அதன் அழைப்பு பிஎல்டியைத் தொடுவதே இல்லை. கம்பைலர் அதை அழைத்தவருக்குள்ளேயே கரைத்துவிட்டிருக்கவும் கூடும். ஸ்டேடிக்கை நீக்கி, வெளியே தெரியும் ஃபங்ஷனாக மாற்றினால் எண்ணிக்கை வரலாம். உங்கள் சிக்கலுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி நேரம். எல்டி-ப்ரொஃபைலின் கடிகாரம் 0.01 விநாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. அதுவும் சிபியு வேலை செய்யும் நேரத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. ரீட் அழைப்பில் தரவுக்காகத் தூங்கும் நிரலுக்கு அந்தக் கடிகாரம் ஓடாது. ஆகவே அந்தப் பூச்சியம் உண்மையையே சொல்கிறது: உங்கள் லைப்ரரி ஏறக்குறைய எதையுமே கணக்கிடவில்லை, காத்திருக்கிறது.

எவ்வளவு நேரம் என்பதைக் கையாலேயே போட்டுவிடலாம். 8 தரவு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்றால் ஓர் எழுத்துக்கு 10 பிட் ஆகும். 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள், அதாவது 48 வரிகள். இன்டிகேட்டர் இடைவெளியே விடாமல் அனுப்பினாலும் 200 வரிகள் வந்து சேர 4 விநாடிகளுக்கு மேல் ஆகும். உலகின் எந்த ப்ரொஃபைலரும் இதைக் குறைத்துத் தராது. கண்ணால் பார்க்க வேண்டுமானால், நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸை (strace) பெரிய டி (-T) விருப்பத்துடன் ஓட்டுங்கள். ஒவ்வொரு ரீட்டும் எவ்வளவு நேரம் பிடித்தது என்று வரிக்கு வரி காட்டும்.

200 என்பதை 20 ஆக்குவது எளிது. ஆனால் டிரெய்லர் ஆடிக்கொண்டிருக்கும்போது எடை தவறும், பிறகு ஓட்டுநரோடு சண்டைதான். அதைவிட, தனி த்ரெட் ஒன்று எப்போதும் வரிகளைப் படித்து, கடைசி 200 வரிகளின் நகரும் சராசரியை வைத்திருக்கட்டும். வண்டி ஏறி, எடை நிலைத்ததா என்பதை அந்த வரிகளின் ஏற்ற இறக்கமே காட்டிவிடும். நிலைத்த பின் பொத்தானை அழுத்தினால் விடை தயாராக இருக்கும்.

மறுபடி அளப்பதாக இருந்தால் பழைய ப்ரொஃபைல் கோப்பை முதலில் அழித்துவிடுங்கள்; லிங்கர் புதிய கணக்கை அதிலேயே சேர்த்து எழுதும், லைப்ரரியை மாற்றிக் கட்டியிருந்தால் அது எதற்கும் பொருந்தாது. செட்யுஐடியையும் எடுத்துவிட்டு, பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொல்லுங்கள். சீரியல் போர்ட்டுக்கு அதுவே போதும்.