ரொறன்ரோவுக்கு மிருதங்கத்தோடு வந்திறங்கிய தம்பிக்கு

தம்பி, யாழ்ப்பாணத்தில் மிருதங்கம் படித்து முடித்து ரொறன்ரோ வந்து எட்டு மாதமாகிறது, இன்னும் ஒரு மேடைகூடக் கிடைக்கவில்லை, இரவு வேலைக்குப் போய்க்கொண்டு எவ்வளவு காலம் பொறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். தொழிற்சாலை வேலையிலிருந்து விலக எனக்கு ஒன்பது வருடம் எடுத்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால் மனம் சோராது, அதற்காகத்தான்.

இங்கே எங்களுக்கு முக்கியமான மேடை நடன அரங்கேற்றம். பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வைப்பார்கள். மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே பதிவாகிவிடும், அப்போதே ஆசிரியை, நடனத்துக்குப் பாடி வாசிக்கும் அணிசேர் கலைஞர்களையும் மனதில் முடிவு செய்திருப்பார், சிலர் சென்னையிலிருந்தே வருவார்கள். ஆக, நீங்கள் விமானத்தால் இறங்கிய அன்றே இந்தக் கோடையின் இடங்கள் நிரம்பிவிட்டன, உங்கள் வாசிப்பில் குறை தேடாதீர்கள். ஒரு பிள்ளை பத்து வருடம் பழகி ஒரே ஒரு மாலை ஏறும் மேடை அது. முன்பின் கேட்டிராத கையை நம்பி அதைக் கொடுக்க யாருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனக்குக் கதவு திறந்தது ஒத்திகைகளால். நான்காவது வருடம் ஒரு ஆசிரியையின் வகுப்பில் பிள்ளைகள் பழக வாரம்தோறும் வாசித்துக்கொண்டிருந்தேன், வரவேண்டிய வித்துவானுக்கு விசா கிடைக்கவில்லை, ஜதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடமாக இருந்ததால் அந்த அரங்கேற்றத்துக்கு நானே வாசித்தேன். அந்த மாலையில் சபையில் இருந்த இன்னொரு ஆசிரியை அடுத்த வருடம் கூப்பிட்டார். அப்படி ஒன்றிலிருந்து ஒன்று, எல்லாம் வருடக் கணக்கில். வகுப்பும் அப்படித்தான். மூன்று பிள்ளைகளோடு வீட்டின் நிலக்கீழ் அறையில் தொடங்கினேன், அவர்களில் ஒருவன் மேடையேறிய பிறகுதான் பெற்றோர் தேடி வந்தார்கள்.

மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் 1971இல் இங்கே யோர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடராகத் தமிழ்நாட்டில் பெரும் பெயர் பெற்றிருந்தவர். அவரே நாற்பது வருடத்துக்கு மேலாக வகுப்பறையில் பிள்ளைகளுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் மிருதங்கம் என்றால் என்னவென்று தெரிந்த சபை அப்படி உருவானதுதான்.

சரி, பணம். சோகான் (SOCAN) என்ற கனடிய இசை உரிமை அமைப்பு, பாட்டை இயற்றியவருக்கான பணத்தைத்தான் வசூலித்துத் தரும், தியாகராஜர் கிருதிக்கு வாசித்தால் அதில் உங்களுக்கு ஒன்றும் வராது. சொந்தமாக ஒரு தில்லானா அமைத்தால் பதிவு செய்யுங்கள், பணம் வர மாதக்கணக்காகும். அதனால் வேலையை இப்போது விடவேண்டாம். முடிந்தால் பகல் வேலைக்கு மாறுங்கள், ஒத்திகைகள் எல்லாம் மாலையில்தான்.

அப்புறம் குளிர்காலம். வீட்டுச் சூடாக்கியில் காற்று வறண்டு தோல் இறுகிவிடும், சுருதி ஏறும், தோலில் பூசிய கறுப்புக் கரணை வெடிக்கும். அறையில் ஈரப்பதமூட்டி வையுங்கள். ஊரிலிருந்து ஒரு வலந்தலை மூட்டு (வலப்பக்கத் தோல்) கூடுதலாக வரவழைத்து, வார் பிடிக்க, அதாவது தோல் வாரை இழுத்துக் கட்ட, நீங்களே பழகுங்கள்.

இந்தக் கோடையில் நாலைந்து அரங்கேற்றங்களுக்குப் போய், அணிசேர் கலைஞர்களின் கை தெரியும் பக்கமாக உட்காருங்கள். முடிந்ததும் கூட்டம் கலையட்டும், ஆசிரியையிடம் போய் ஒத்திகைக்கு வாசிக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.