விண்மீன்களின் நிறம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் இரவு எட்டு மணி வாக்கில் மகளோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நட்சத்திரம் பார்க்கப் போனேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நட்சத்திரங்களில் வகைகள் உண்டு என்று படித்துவிட்டு வந்து கேட்கிறாள். எங்கள் கண்ணுக்கு எல்லாமே வெள்ளைதான். கடலுக்குச் சற்று மேலே ஒன்று மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மின்னியது. அது எந்த வகை? வெறுங்கண்ணால் நிறம் தெரியுமா, தெரியாதா?

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரியும், ஆனால் பிரகாசமானவற்றில் மட்டும். மங்கலான ஒளியில் வேலை செய்யும் நம் கண்ணின் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, அதனால்தான் மற்றதெல்லாம் வெள்ளை.

மார்கழியில் அந்த நேரத்துக்குக் கடல்மேல் மின்னியது அநேகமாக சிரியஸ். அது வெள்ளை நட்சத்திரம்தான், ஏறக்குறைய 10,000 டிகிரி சூடு. அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி அடர்ந்த காற்றைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது, காற்று அலைபாய அலைபாய நிறங்கள் சிதறுகின்றன. நீங்கள் பார்த்த வண்ணமெல்லாம் நம் காற்றின் வேலை. நிறம் பார்க்க எப்போதும் உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சிரியஸுக்கு மேலேயே அருமையான ஜோடி ஒன்று இருக்கிறது. வரிசையாக, சற்றுச் சாய்ந்து நிற்கும் மூன்று நட்சத்திரங்களை முதலில் பிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் திருவாதிரை, சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குப் பெயர் தந்த அதே நட்சத்திரம், வலப்பக்கம் ரைஜல். பீச் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒன்றையே முறைக்காமல் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாறி மாறிப் பார்த்தால் திருவாதிரையின் செம்மஞ்சளும் ரைஜலின் நீலம் கலந்த வெள்ளையும் தனித்தனியாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள், புள்ளி விரிந்து சிறு வட்டமாகும், நிறம் இன்னும் துலக்கமாகும்.

இந்த நிறம்தான் வெப்பமானி. பட்டறையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுப்பதைப் போலத்தான். திருவாதிரை சுமார் 3,500 டிகிரி, நம் சூரியன் 5,800 வாக்கில், ரைஜல் 12,000 (எல்லாம் கெல்வின் கணக்கு). குளிர்ந்தது எப்படி இவ்வளவு பிரகாசம் என்று மகள் கேட்பாள். அளவுதான் காரணம், திருவாதிரையின் குறுக்களவு சூரியனைப் போலப் பல நூறு மடங்கு.

சரி, வகைகள். அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் முதலில், நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுவே தெரியும் ஹைட்ரஜனின் கருங்கோடுகள் எவ்வளவு வலுவானவை என்று பார்த்து ஏ, பி, சி என்று அடுக்கினார்கள். 1901-ல் அங்கிருந்த வானியலாளர் ஆனி கேனன் அதில் வேண்டாததைக் கழித்து, ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று மாற்றி வைத்தார். அது வெப்பம் இறங்கும் வரிசை என்பதற்கான இயற்பியல் காரணத்தை 1920-ல் விளக்கியவர் நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா. சூடு ஏறும்போது அணுக்கள் எலக்ட்ரானை இழப்பதைக் கணக்காக்கி, எந்தக் கோடு எந்தச் சூட்டில் வலுக்கும், எதில் மங்கும் என்று காட்டினார். ஆனி கேனனுக்குப் பக்கத்திலேயே இந்தப் பெயரையும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ரைஜல் பி, சிரியஸ் ஏ, சூரியன் ஜி, ரோகிணி கே, திருவாதிரை எம். எழுத்துகளை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன் இந்த வித்தியாசத்தை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பச்சை நட்சத்திரம் கண்ணுக்குக் கிடைக்காது. பச்சையில் அதிகம் ஒளிர்வது மற்ற நிறங்களையும் சேர்த்தே அனுப்புவதால் வெள்ளையாகிவிடும்.

அப்புறம், சித்திரை வைகாசி இரவுகளில் சுவாதியையும் சித்திரை நட்சத்திரத்தையும் இதேபோல மாறி மாறிப் பாருங்கள். முன்னது ஆரஞ்சு, பின்னது நீலவெள்ளை. அப்போது மழை மேகத் தொல்லையும் குறைவு.