காசோலை கொடுத்தவர் ஆளுநராகிவிட்டார், என் பணம் என்னாகும்?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறேன். போன வருடம் வடமாநில நிறுவனம் ஒன்றுக்கு ஒரு லோடு விரலி மஞ்சள் அனுப்பினேன். 18 லட்சம் பாக்கி. அந்த நிறுவனத்துக்கு மூன்று பங்குதாரர்கள். அதில் ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று போன வாரம் திரும்பிவிட்டது. இதற்குள் அவர் ஒரு மாநிலத்தின் ஆளுநராகிவிட்டார். "கவர்னர், மந்திரி, பிரதமர் மேலெல்லாம் கேஸே போட முடியாதுங்க மாமா, தலை முழுகிடுங்க" என்கிறான் என் மச்சான். உண்மைதானா?

பதில்: தலை முழுக வேண்டாம். உங்கள் மச்சான் சொன்னதில் கால்வாசிதான் உண்மை. "பெரிய இடம், நமக்கெதுக்கு" என்று நம் பக்கத்து வியாபாரிகள் கைகழுவிய நியாயமான பாக்கிகள் நிறைய. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மந்திரி, பிரதமர் கதையை முடித்துவிடுவோம். அரசியல் சாசனத்தின் 361ஆம் பிரிவு பாதுகாப்பு கொடுப்பது குடியரசுத் தலைவருக்கும் ஆளுநர்களுக்கும்தான். பிரதமர், முதல்வர், அமைச்சர்களுக்கு அது கிடையாது. இந்திரா காந்தி பிரதமராக இருக்கும்போதே 1975 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். அதே ஜூன் 12ஆம் தேதி அந்த நீதிமன்றம் அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோதுதான் 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அரசுப் பணி சம்பந்தமாக அமைச்சர் மேல் குற்ற வழக்கு என்றால் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சொந்த வியாபாரத்துக்குக் கொடுத்த காசோலை அரசுப் பணி ஆகாது, அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

இப்போது உங்கள் ஆளுநர். 361ஆம் பிரிவு அவருடைய பதவிக்காலம் முடியும் வரை அவர் மேல் குற்ற வழக்கு தொடுக்கக் கூடாது, ஏற்கெனவே நடக்கும் வழக்கைத் தொடரவும் கூடாது, கைது உத்தரவும் கூடாது என்கிறது. காசோலை வழக்கு குற்ற வழக்கு என்பதால் இந்தத் தடை அதற்கும் பொருந்தும். ஆனால் இது வழக்கைத் தள்ளி வைக்கிறதே தவிர, குற்றத்தைத் துடைத்துவிடுவதில்லை. பாபர் மசூதி இடிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் கல்யாண் சிங் ராஜஸ்தான் ஆளுநராக இருந்ததால், 2017இல் உச்ச நீதிமன்றம் மற்றவர்கள் மேல் விசாரணையை நடத்தச் சொல்லி, அவரை மட்டும் பதவி முடியும் வரை விட்டுவைத்தது. 2019 செப்டம்பரில் பதவி முடிந்ததும் நீதிமன்றம் அவரை அழைத்து விசாரணைக்கு உட்படுத்தியது. கடைசியில் விடுதலையானார். அது தீர்ப்பு, அதற்கும் பதவிக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே காசோலை திரும்பிய தகவல் உங்களுக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மூன்று பங்குதாரர்களுக்கும் நிறுவனத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும். நோட்டீஸ் அனுப்புவது வழக்குத் தொடுப்பது ஆகாது. அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நிறுவனத்தின் மேலும், வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இரு பங்குதாரர்கள் மேலும் வழக்குப் போடுங்கள். இன்னொருவர் ஆளுநரானார் என்பதால் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் வந்துவிடாது. காசோலையை உங்கள் ஈரோட்டு வங்கிக் கணக்கில் போட்டிருப்பதால் வழக்கும் ஈரோட்டிலேயே நடக்கும், வடக்கே அலைய வேண்டாம். ஆளுநர் மேல் மட்டும், அவர் பதவி விட்டு இறங்கியதும், தாமதத்துக்கு 361ஆம் பிரிவுதான் காரணம் என்று மன்னிப்பு மனுவோடு தாக்கல் செய்யலாம். அதை ஏற்பது நீதிபதியின் முடிவு. என் பார்வையில் இதைவிட வலுவான காரணம் கிடைப்பது அரிது.

பணத்தை வாங்க உரிமையியல் வழக்கு இருக்கிறது. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆளுநர் சொந்த முறையில் செய்த காரியத்துக்காக, அது பதவிக்கு முன் செய்ததானாலும் பின் செய்ததானாலும், அவர் பதவியில் இருக்கும்போதே பணம் கேட்டு வழக்குப் போடலாம். ஒரே நிபந்தனை, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸில் வழக்கு எப்படிப்பட்டது, எதனால் எழுந்தது, உங்கள் பெயர், தொழில், ஊர், என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். "பாக்கி 18 லட்சம் தரவும்" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். எந்தத் தேதி, எத்தனை மூட்டை, எந்த லாரி, பில் எண், காசோலை எண் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். அவர் பெயருக்கே ஆளுநர் மாளிகை முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் ஆள் விட்டு அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

சரக்குக் கிரயத்துக்குக் காலவரம்பு 3 ஆண்டு. காத்திருக்கும் அந்த இரண்டு மாதம் கணக்கில் சேராது. அப்புறம், 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத பட்சத்தில், வழக்குக்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுச் செய்தாக வேண்டும். அந்தக் காலமும் 3 ஆண்டுக் கணக்கில் சேராது. சமரசத்துக்கு அழைப்புப் போன உடனேயே மற்ற இரு பங்குதாரர்கள் பேச வர வாய்ப்புண்டு. வந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், தவணையானாலும் எழுதி வாங்குங்கள்.

வங்கி கொடுத்த காசோலைத் திருப்புச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அந்த 30 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது.